வார்த்தையே இல்லாத வயலினுக்கு ஏன் கண் கலங்குகிறது?

நீங்கள் கேட்டிருப்பது பார்க்க ஒரு கேள்விபோல இருந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. வயலினில் வாசித்த சிவரஞ்சனி ராக ஆலாபனை ஒன்றை, அதாவது தாளம் இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்து வாசிப்பதை, கேட்டுக்கொண்டிருந்தபோது காரணமே தெரியாமல் அழுகை வந்துவிட்டது, அதில் பாட்டோ வரிகளோ எதுவும் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் சாவகாசமாகப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். இசை ஏன் மனதை இப்படிப் பிசைகிறது என்பது ஒன்று. சோகம் அந்த ராகத்துக்குள்ளேயே இருக்கிறதா என்பது இரண்டாவது. எனக்கு வந்தது அவருக்கு ஏன் வரவில்லை என்பது மூன்றாவது. இதற்கெல்லாம் சேர்த்து "மூளையில் டோபமைன் சுரக்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். டோபமைன் என்பது சுகத்தோடு சம்பந்தப்பட்ட மூளை ரசாயனம், பொய் இல்லைதான். ஆனால் லட்டு சாப்பிட்டாலும்தான் டோபமைன் சுரக்கிறது, லட்டு சாப்பிட்டு யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வதில்லையே.

நான் வயலின் சொல்லிக்கொடுக்கிறவன். அதற்கு முன்னால் உளவியல் படித்தேன், அந்தப் பழக்கத்தில் இசை உளவியலில் வருகிற ஆய்வுகளை விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். மருத்துவன் அல்ல, ஆய்வகத்தில் வேலை பார்த்தவனும் அல்ல, அதனால் மூளையைப் பற்றிச் சொல்வதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது; ராகத்தைப் பற்றியும் மாணவர்களின் காதைப் பற்றியும் சொல்வது கையில் பட்டுத் தெரிந்துகொண்டது. சுருக்கமாகச் சொன்னால், சிவரஞ்சனியின் சுர வரிசைக்குள் சோகம் உட்கார்ந்துகொண்டிருக்கவில்லை. வாசிக்கிற விதத்தில் பாதி இருக்கிறது, மீதி உங்கள் காது இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருப்பதில் இருக்கிறது. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

வீட்டில் கீபோர்டோ ஆர்மோனியமோ இருந்தால், இல்லை போனில் ஒரு பியானோ ஆப் இருந்தாலும் போதும், ஒரு கட்டை சுருதியில், அதாவது C கட்டையை ச-வாக வைத்து, வெள்ளைக் கட்டைகளை மட்டும் தொட்டு ச, ரி, க, ப, த, மேல் ச என்று வாசியுங்கள். இடையில் ம-வும் நி-யும் வேண்டாம். அது மோகனம். ஊஞ்சல் பாட்டு, பிள்ளைகள் பாட்டு, கோயில் பாட்டு என்று தமிழ்நாட்டில் பாதிப் பாட்டு அதில்தான் ஓடுகிறது, கேட்டாலே முகம் மலரும். இப்போது க-வை மட்டும் அதற்கு உடனே இடது பக்கம் இருக்கிற கருப்புக் கட்டைக்கு மாற்றுங்கள். மற்ற எதையும் தொட வேண்டாம். அந்தர காந்தாரம் (பெரிய க) சாதாரண காந்தாரமாகிறது (சின்ன க), மோகனம் சிவரஞ்சனியாகிறது. அரை சுரம் இறங்கியதற்கு இவ்வளவு வித்தியாசமா என்று மாணவர்கள் ஒவ்வொரு முறையும் வாயைப் பிளப்பார்கள். ஆக ராகத்தில்தானே இருக்கிறது சோகம் என்று நீங்கள் நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், அடுத்த சோதனை இருக்கிறது. அதே சிவரஞ்சனியை எந்த அசைவும் கொடுக்காமல், ஒவ்வொரு சுரத்தையும் வெட்டி வெட்டி, ஓட்டமாக, கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள். சோகத்தில் பெரும்பகுதி காணாமல் போய்விடும், கிட்டத்தட்ட ஒரு ஆட்டப் பாட்டு மாதிரி ஆகிவிடும். நம் சினிமாவிலேயே சோகம் இல்லாத பாட்டுக்கும் இந்த ராகத்தைப் போட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் அந்த ஆலாபனையில் உங்களை அழ வைத்தது எது? வயலின்காரர் கை என்ன செய்தது என்று பாருங்கள். மேல் சட்ஜத்திலிருந்து, அதாவது மேல் ச-விலிருந்து, மெதுவாக இறங்கி வருவார். காந்தாரத்துக்கு வந்ததும் அதை நேராகத் தொட மாட்டார், விரலை இழுத்துக்கொண்டுபோய் அதில் சாய்ந்து நிற்பார், கொஞ்சம் அதிர விடுவார், அப்புறம் மனமில்லாமல் ரிஷபத்துக்கு (ரி) சரிவார். வில்லின் அழுத்தம் அந்தச் சரிவில் குறைந்துகொண்டே போகும், கடைசியில் காற்று மட்டும் மிஞ்சுகிற மாதிரி. இப்போது ஒரு துக்க வீட்டில் பாடுகிற ஒப்பாரியை நினைத்துப் பாருங்கள். உச்சத்தில் எடுக்கிறார்கள், ஒரே மூச்சில் படிப்படியாகக் கீழே வருகிறார்கள், வரியின் கடைசியில் குரல் உடைந்து ஒரு விசும்பல், உள்ளே இழுக்கிற மூச்சு, மறுபடி உச்சம். கிரெக் அர்பன் என்ற மானுடவியலாளர் பிரேசிலின் பழங்குடிகளிடம் இருக்கிற இழவுப் புலம்பல்களை ஆராய்ந்து 1988-ல் எழுதிய கட்டுரையில், குரல் உடைவது, சத்தத்தோடு மூச்சை உள்ளிழுப்பது, கரகரப்பு என்று அழுகையின் அடையாளங்களை அந்தப் பாட்டுக்குள் வரிசையாகக் காட்டுகிறார். அவர்களுக்கும் நம் ஊர்க் கிழவிகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அழுகிற மனிதத் தொண்டை எங்கேயும் ஒன்றுதான், அவ்வளவுதான் காரணம்.

இதுதான் இந்தத் துறையில் உறுதியாகச் சொல்லக்கூடியவற்றில் முதலாவது: இசை நம் பேச்சுக் குரலின் உணர்ச்சி அடையாளங்களைக் கடன் வாங்குகிறது. சுவீடனைச் சேர்ந்த யூஸ்லினும் லவுக்காவும் 2003-ல் பேச்சைப் பற்றிய 104 ஆய்வுகளையும் இசையைப் பற்றிய 41 ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சோகமாக இருப்பவர் மெதுவாக, தாழ்ந்த குரலில், ஏற்ற இறக்கம் குறைவாகப் பேசுகிறார். சோகமான வாசிப்பும் மெதுவாக, மென்மையாக, சுரங்கள் நெருக்கமாக வருகிறது. கோபத்துக்கும் மகிழ்ச்சிக்கும் இதேபோல ஒத்துப்போகிறது. நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு குழு 2012-ல் கர்நாடக இசையையும் தமிழ்ப் பேச்சையும் ஒரு பக்கம், மேற்கத்திய இசையையும் ஆங்கிலப் பேச்சையும் இன்னொரு பக்கம் வைத்து அளந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் வந்தது: உற்சாகமான மெட்டுகளில் சுரத்துக்குச் சுரம் தாவல் பெரிது, வாடிய மெட்டுகளில் தாவல் சிறிது, பேச்சிலும் அப்படியே. நீங்கள் கீபோர்டில் காந்தாரத்தை அரை சுரம் இறக்கியபோது ரிஷபத்துக்கும் அதற்கும் நடுவே இருந்த தூரம் பாதியாகிவிட்டது என்பதைக் கவனித்தீர்களா?

ஆனால் இதை வைத்துக்கொண்டு "சின்ன காந்தாரம் என்றால் சோகம்" என்று சூத்திரம் போட்டால் மாட்டிக்கொள்வோம். சுத்த தன்யாசியில் இருப்பது இதே சாதாரண காந்தாரம்தான். கச்சேரியின் முன்பகுதியில் அதை எடுத்தால் சபையே சுறுசுறுப்பாகிவிடும், ஒரு பொட்டு சோகம் இருக்காது. முகாரி என்றால் அழுமூஞ்சி ராகம் என்று ஊரெல்லாம் முத்திரை குத்தி வைத்திருக்கிறோம். தியாகராஜர் அதே முகாரியில் 'எந்தனினே வர்ணிந்துனு' என்று சபரிக்குக் கிடைத்த பாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். ராமன் வந்து அவள் கையால் பழம் சாப்பிட்ட சந்தோஷத்தைப் பாட அவருக்கு முகாரிதான் வேண்டியிருந்தது. நெகிழ்ச்சி அதில் நிச்சயம் இருக்கிறது, நெகிழ்ச்சியும் சோகமும் ஒன்றல்ல. உங்களுக்கு வந்த கண்ணீர்கூட இந்த இரண்டில் எது என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள், எனக்கு அந்தச் சந்தேகம் உண்டு.

அடுத்தது, பழக்கம். இதன் பலத்தைக் காட்ட ஷெனாயைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. காசியில் கல்யாண வீட்டு வாசலில் வாசிக்கிற மங்கல வாத்தியம் அது. 1947-ல் சுதந்திரம் வந்தபோது டெல்லி செங்கோட்டையில் பிஸ்மில்லா கான் வாசித்தது ஷெனாய்தான், நாடே கொண்டாடிய நேரம். அதே ஷெனாயைத் தமிழ்நாட்டில் ஒரு கல்யாண வீட்டில் வாசிக்கச் சொல்லுங்கள், பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஏனென்றால் பழைய தமிழ்ப் படங்களில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை யாராவது சாவதற்கும் பிரிவதற்கும் அதைத்தான் பின்னணியில் போட்டார்கள். இரண்டு தலைமுறை அதைக் கேட்டு வளர்ந்துவிட்டது. வாத்தியம் ஒன்று, ஊதுகிற மூச்சு ஒன்று, ஒரு ஊருக்கு மாலை, இன்னொரு ஊருக்கு மலர்வளையம். சிவரஞ்சனிக்கும் ஏறக்குறைய இதே கதைதான். கச்சேரியில் துக்கடாவாக, அதாவது கடைசியில் வரும் சின்ன உருப்படியாக, ஓரமாக வந்துபோகிற ராகம், சினிமாவில் அழுகைக்கென்றே எத்தனையோ முறை பயன்பட்டுவிட்டது. அந்தப் படங்களைப் பார்த்தவர் காதில் முதல் மூன்று சுரத்திலேயே மனம் தயாராகிவிடுகிறது, வயலின்காரர் ஒன்றும் செய்யாமலே.

சரி, பழக்கமே இல்லாதவர் கேட்டால்? இதையும் சோதித்திருக்கிறார்கள். கேமரூன் நாட்டின் வடக்கு மலைப்பகுதியில் மாஃபா என்ற மக்கள், மேற்கத்திய இசையைக் கேட்டே இராதவர்கள். தாமஸ் ஃபிரிட்ஸின் குழு அவர்களுக்குப் பியானோ துண்டுகளைப் போட்டுக் காட்டி, இது மகிழ்ச்சியா, சோகமா, பயமா என்று முகப்படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. 2009-ல் வெளிவந்த முடிவு: குருட்டாம்போக்கில் அடிப்பதைவிடத் தெளிவாக அதிகம் சரியாகச் சொன்னார்கள், ஆனால் மேற்கத்தியர்கள் அளவுக்கு இல்லை. அதற்குப் பத்து வருஷம் முன்பு கனடாவில் பால்க்வில்லும் தாம்சனும் இந்துஸ்தானி ராகங்களை அதைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களிடம் போட்டுக் காட்டினார்கள். மகிழ்ச்சி, சோகம், கோபம் மூன்றையும் பிடித்துவிட்டார்கள், சாந்தத்தைத்தான் பிடிக்க முடியவில்லை. எனக்கு மிகவும் பிடித்த விவரம் இந்தக் கடைசித் துண்டுதான். சாந்தம் என்பது பழகித்தான் வர வேண்டும் போலிருக்கிறது. மறுபக்கம், பொலிவியக் காடுகளில் இருக்கிற சிமானே மக்களிடம் இனிமையான சுரச் சேர்க்கையையும் கரடுமுரடான சேர்க்கையையும் போட்டபோது, இரண்டையும் ஒரே அளவுக்குப் பிடித்திருக்கிறது என்றார்கள். இது 2016-ல் வந்தது. அபசுரம் யாருக்கும் பிடிக்காது, அது இயற்கையின் விதி என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தவர்களுக்குப் பெரிய அடி. ஆக வேகம், சத்தம், ஏற்ற இறக்கம் இவற்றிலிருந்து உணர்ச்சியை ஓரளவு யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எது இனிமை, எது நெகிழ்ச்சி என்பதில் ஊரின் பங்கு பெரிது. எல்லை எங்கே என்பதில் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது இசையில் உணர்ச்சியை அடையாளம் காண்பது. அதை நாமே உணர்வது வேறு, இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதி விவாதம் நடக்கிறது. உங்கள் கணவரைக் கேட்டால் "சோகமாகத்தான் வாசிக்கிறார், தெரிகிறது" என்பார். தெரிந்ததுதான், தொடவில்லை. தொடுவதற்கு உடம்பு உள்ளே வர வேண்டும். கல்யாணத்தில் கெட்டிமேளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை நாதஸ்வரம் ஏதோ ஒரு ராகத்தில் சாவகாசமாகப் போய்க்கொண்டிருக்கும், பாதிப் பேர் பந்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஐயர் கையை உயர்த்தி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்கிறார், தவில் ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகிறது, எல்லோரும் எழுந்து அட்சதை போடுகிறார்கள், பெண்ணின் அம்மா கண்ணைத் துடைக்கிறாள், சம்பந்தமே இல்லாத தூரத்துச் சித்தப்பாவுக்கும் தொண்டை அடைக்கிறது. இதில் எத்தனை விஷயம் ஒரே நேரத்தில் நடக்கிறது பாருங்கள். திடீரென்று வருகிற பெரிய சத்தத்துக்கு மூளைத்தண்டு யோசிக்காமலே பதறும், இதயம் வேகமெடுக்கும். வேகமான தாளம் மூச்சை இழுத்துக்கொண்டு போகும். எல்லோரும் ஒன்றாக அசைகிறபோது நெருக்கம் கூடும். இத்தனைக்கும் மேல், இதற்கு முன் பார்த்த அத்தனை தாலிகட்டும் சேர்ந்து வந்து நிற்கும். தவிலில் அழுகை எதுவும் இல்லை, அடி மட்டும்தான் இருக்கிறது.

இத்தாலியில் பெர்னார்டி என்ற மருத்துவரின் குழு 2006-ல் செய்த ஆய்வும் இந்த உடம்பு சம்பந்தப்பட்டதுதான். ராகம் உட்பட ஆறு விதமான இசையை மாற்றி மாற்றிப் போட்டு மூச்சு, ரத்த அழுத்தம், நாடித் துடிப்பை அளந்தார்கள். வேகம் கூடினால் மூன்றும் கூடின, எந்தப் பாணி என்பது பெரிதாகக் கணக்கில் வரவில்லை. அவர்களே எதிர்பார்க்காமல் கிடைத்தது இன்னொன்று: நடுவில் இரண்டு நிமிஷம் இசையை நிறுத்தியபோது, ஆரம்பத்தில் சும்மா இருந்ததைவிடவும் உடம்பு அதிகமாகத் தளர்ந்தது. கச்சேரியில் மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனம் முடிந்து, ஒரு நொடி யாரும் கைதட்டாமல் இருக்கிற அந்த இடத்தில் ஏன் அப்படி ஒரு சுகம் என்று இதைப் படித்தபிறகு எனக்குக் கொஞ்சம் விளங்கியது.

இனி எதிர்பார்ப்பு. என் அனுபவத்தில் ஆலாபனை மனதைப் பிடிப்பது பெரும்பாலும் இந்தக் கயிற்றைக் கொண்டுதான். நல்ல பாடகர் மேல் சட்ஜத்துக்குப் போகிற வழியைக் கவனியுங்கள். நேராகப் போய் உட்கார மாட்டார். அதற்குக் கீழே இருக்கிற சுரத்திலேயே சுற்றுவார், தொடுவதுபோலப் போய்த் திரும்பிவிடுவார், கீழே இறங்கி மறுபடி ஏறி வருவார், சபையில் இருக்கிற அத்தனை பேருக்கும் இப்போது அந்த ச வேண்டும், அவர் தர மாட்டார். கடைசியில் தம்பூராவோடு ஒட்டிக்கொண்டு அந்த மேல் ச வந்து நிற்கும்போது "ஆஹா" என்ற சத்தம் தானாக வருகிறது. எதிர்பார்ப்பைத் தள்ளிப்போடுவதில்தான் இசையின் உணர்ச்சி பிறக்கிறது என்று இசையியலாளர் லெனார்ட் மேயர் 1956-லேயே எழுதிவிட்டார், அப்போது அது வெறும் வாதம். 2011-ல் கனடாவின் மாண்ட்ரியலில் சலிம்பூர், ஸடோரே குழு மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, உடல் சிலிர்க்கிற அந்த உச்சக் கணத்தில் மட்டுமல்ல, அதற்கு முன்னால் காத்திருக்கிற நொடிகளிலும் டோபமைன் சுரந்தது, அதுவும் மூளையின் வேறொரு பகுதியில். தருவதுபோல் காட்டித் தராமல் இருப்பதற்கும் மூளை கூலி கொடுக்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எதிர்பார்க்க வேண்டுமென்றால் அடுத்து என்ன வரும் என்று காதுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மிருதங்கக்காரர் கோர்வையை, அதாவது முடிக்கிற தாளக் கோப்பை, மூன்று முறை வாசித்துப் பாட்டு தொடங்குகிற இடமான எடுப்பில் கொண்டுவந்து சேர்க்கிறபோது, தாளம் போடத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையாட்டுவார்கள், தெரியாதவருக்கு அது சத்தம், முடிந்ததும் கைதட்டுகிறார்களே என்று கைதட்டுவார். மாணவர்களிடம் இது கண்ணெதிரே நடக்கும். முதல் வருஷம் ஆலாபனையைப் பார்த்துக் கொட்டாவி விட்ட பிள்ளை, சில வருஷம் கழித்து அதே ஒலிப்பதிவில் ஒரு பிடி, அந்த ராகத்துக்கே உரிய சுரக்கோப்பு, வரும் இடத்தில் கண்ணை மூடிக்கொள்வான். அவன் மனம் இளகிவிட்டது என்பதல்ல, காது கணக்குப் போடக் கற்றுக்கொண்டுவிட்டது.

டோபமைன் என்பது கூடவே நடப்பதா, இல்லை அதுதான் காரணமா என்ற கேள்வி நியாயமானது. அதற்கும் ஒரு நல்ல சோதனை உண்டு. பார்சிலோனாவில் 2019-ல் வெளியிட்ட ஆய்வில் அதே ஆட்களுக்கு ஒரு நாள் டோபமைனைக் கூட்டுகிற மருந்து, இன்னொரு நாள் தடுக்கிற மருந்து, வேறொரு நாள் வெறும் மாத்திரை கொடுத்துப் பாட்டுப் போட்டார்கள். கூட்டியபோது ரசனை கூடியது, தடுத்தபோது குறைந்தது. ஆகவே டோபமைன் வெறும் வேடிக்கை பார்ப்பவர் அல்ல என்று தைரியமாகச் சொல்லலாம். இது எதைச் சொல்கிறதென்றால், இசையின் சுகத்தை. ஏன் ஒரு பாட்டு சோகமாகவும் இன்னொன்று வீரமாகவும் படுகிறது என்பதற்கு இதில் பதில் கிடையாது.

கணவர் விஷயத்துக்கு வருகிறேன். அதே பார்சிலோனாக் குழு 2014-ல் ஒரு வகை மனிதர்களைப் பற்றி எழுதியது. அவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கும், அபசுரம் தெரியும், இது சோகப் பாட்டு என்று சரியாகச் சொல்வார்கள், பணம் கிடைக்கிற விளையாட்டில் மற்றவர்களைப் போலவே உற்சாகமாவார்கள், ஆனால் இசையால் மட்டும் அவர்களுக்கு எந்தச் சுகமும் இல்லை. பிற்பாடு படமெடுத்துப் பார்த்ததில் கேட்கிற பகுதிக்கும் சுகம் உணர்கிற பகுதிக்கும் நடுவே தொடர்பு மற்றவர்களைவிடப் பலவீனமாக இருந்தது. இது நோய் இல்லை, திமிரும் இல்லை. சுவீடனில் ஆயிரக்கணக்கான இரட்டையர்களை வைத்து 2025-ல் செய்த ஆய்வு, இசையில் சுகம் காண்பதில் ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்தில் ஏறக்குறையப் பாதி மரபணுவோடு சம்பந்தப்பட்டது என்கிறது. உங்கள் கணவர் இந்த வகைதான் என்று நான் சொல்லவில்லை. இப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு. அவர் இளையராஜாவுக்கு உருகி சிவரஞ்சனி ஆலாபனைக்கு உருகாதவராக இருந்தால் அது வெறும் பழக்கம். எந்தப் பாட்டுக்குமே உருகாதவர் என்றால் அவருடைய உடல்வாகு அப்படி, விட்டுவிடுங்கள்.

உங்கள் அழுகையில் நினைவுக்கும் பங்கு இருந்திருக்கலாம். பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்ட பாட்டுகள் மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாக ஒட்டிக்கொள்கின்றன என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. பாட்டு ஞாபகம் வராமலே அந்தக் காலத்தின் மனநிலை மட்டும் எழுந்து வரலாம், அதனால்தான் "காரணமே தெரியவில்லை" என்று தோன்றும். சோக இசையைப் பற்றி தாருஃபியும் கோயெல்ஷும் 2014-ல் 772 பேரிடம் கேட்டபோது, சோகப் பாட்டு எழுப்புகிற உணர்ச்சிகளில் முதலிடத்தில் வந்தது சோகம்கூட இல்லை, பழைய நாட்களுக்கான ஏக்கம். இசை உளவியலாளர் ஜான் ஸ்லோபோடா 1991-ல் 83 பேரிடம், எந்தப் பாட்டில் எந்த இடத்தில் உங்களுக்குக் கண்ணீரோ சிலிர்ப்போ வருகிறது என்று துல்லியமாகக் குறிக்கச் சொன்னார். சிலிர்ப்பு பெரும்பாலும் எதிர்பாராத திருப்பங்களில் வந்தது. கண்ணீர், ஒரு சுரம் தன் இடத்துக்கு வராமல் பக்கத்துச் சுரத்தில் சாய்ந்து நின்று தாமதமாக இறங்குகிற இடங்களில் அதிகம் வந்தது. அவர் கேட்டது மேற்கத்திய இசை ரசிகர்களைத்தான். சிவரஞ்சனியில் காந்தாரம் ரிஷபத்துக்குச் சரிகிற விதத்தை மேலே சொன்னேன், அதையும் இதையும் நீங்களே பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி உறுதியில்லாதவை. மனிதனுக்கு இசை எதற்காக வந்தது என்பதில் ஒருமித்த கருத்து கிடையாது. பேச்சுக்கு முன்பே, காதலுக்காக இசை வந்திருக்கும் என்று டார்வின் 1871-ல் எழுதினார், தாய்க்கும் சேய்க்கும் நடுவே பிறந்தது என்கிறார்கள் சிலர், கூட்டத்தைச் சேர்த்து வைக்க என்கிறார்கள் வேறு சிலர், இது மற்ற திறமைகளின் ஓரத்தில் தானாக முளைத்த சந்தோஷம், தனிப் பயன் ஒன்றுமில்லை என்கிறார் உளவியலாளர் ஸ்டீவன் பிங்கர். ஜெர்மனிக் குகைகளில் பறவை எலும்பில் செய்த, ஏறத்தாழ 40,000 வருஷப் பழைய குழல்கள் கிடைத்திருக்கின்றன. பழைய வழக்கம் என்பதற்கு அது சாட்சி, காரணத்துக்குச் சாட்சி அல்ல. சோகப் பாட்டு ஏன் சுகமாக இருக்கிறது என்பதற்கு, அழும்போது ஆறுதல் தருகிற புரோலாக்டின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, நிஜ இழப்பு இல்லாததால் ஆறுதல் மட்டும் மிஞ்சுகிறது என்று டேவிட் ஹியூரன் சொன்னது கேட்க அழகாக இருக்கும். அளந்து பார்த்தவர்களின் முடிவுகள் அதற்குத் துணை நிற்கவில்லை.

உறுதியில்லாதவை போக, சுத்த உடான்ஸ் என்றும் ஒரு வகை இருக்கிறது, வாட்ஸப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். இசையை 432 ஹெர்ட்ஸ் சுருதியில் கேட்டால் மனம் குணமாகும், வழக்கமான 440 கெடுதல் என்பது அதில் ஒன்று. நம் பாடகர்கள் ஆளுக்கொரு சுருதி வைத்துக்கொண்டு ஒருவர் ஒரு கட்டையிலும் இன்னொருவர் ஐந்தரைக் கட்டையிலும் பாடுகிறார்கள், தொண்டை சரியில்லாத நாளில் அரைக் கட்டை குறைத்தும் பாடுகிறார்கள், யாருடைய மனமும் இதனால் கெட்டுப்போனதாகத் தகவல் இல்லை. இந்த ராகம் சர்க்கரைக்கு, அந்த ராகம் மூட்டு வலிக்கு என்ற பட்டியல்களுக்கும் ஆதாரம் கிடையாது. மொஸார்ட் கேட்டால் குழந்தை புத்திசாலியாகும் என்பது 1993-ல் 36 கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த, சில நிமிஷம் மட்டுமே நீடித்த ஒரு விளைவை ஊதிப் பெருக்கியது, அந்த ஆய்வில் குழந்தைகளே இல்லை. அறுவை சிகிச்சைக்கு முன் இசை கேட்டால் பதற்றம் குறைகிறது என்பதற்கு மட்டும் நல்ல ஆதாரம் இருக்கிறது, குறிப்பிட்ட ராகம் தேவையில்லை, நோயாளிக்குப் பிடித்ததாக, மெதுவானதாக இருந்தால் சரி.

கடைசியாக, "இப்படி அழுவது நல்லதா, கேட்பதை நிறுத்திவிடவா" என்று கேட்டிருந்தீர்கள். கேட்டு முடித்ததும் மனம் லேசாகிறதா, இல்லை இன்னும் கனக்கிறதா என்பதை வைத்துப் பாருங்கள். லேசாகிறது என்றால் தாராளமாகக் கேளுங்கள், அழுங்கள். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துக் குமைகிற பழக்கம் உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே மனச்சோர்வில் இருப்பவர்களுக்கும் சோக இசை நிலைமையை மோசமாக்கலாம் என்று ஆஸ்திரேலியாவில் சாண்ட்ரா கேரிடோ போன்றவர்கள் எழுதியிருக்கிறார்கள், அவர்களே அது தங்களுக்கு நல்லது செய்வதாக நம்பிக்கொண்டிருப்பார்கள் என்பதுதான் அதில் சிக்கல். பாட்டு நின்ற பிறகும் அழுகை நிற்கவில்லை, தூக்கமும் சாப்பாடும் கெட்டு இரண்டு வாரமாக இப்படியே போகிறது என்றால் அது சிவரஞ்சனி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, என்னைப் போன்ற வயலின் வாத்தியாரைக் கேட்டுக்கொண்டிருக்காமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால் அதே ஒலிப்பதிவை இன்னொரு நாள் சாயங்காலம் போட்டு, எந்த இடத்தில் தொண்டை அடைக்கிறது என்று நேரத்தைக் குறித்து இங்கே எழுதுங்கள். அவர் கை அங்கே என்ன செய்கிறது என்று நான் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.